பழைய அமெரிக்க ஸ்டேஷன் வேகன்: ஆசை புரிகிறது, ஆனால் பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பீர்கள்?

டல்லாஸிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: "பக்கத்துத் தெருவில் 1974 பியூக் எஸ்டேட் வேகன் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. கூரை பின்கோடி வரை ஓடும், பக்கவாட்டில் மரம் மாதிரி ஸ்டிக்கர் ஒட்டிய, நீளமான குடும்ப வண்டி. பழைய மஸ்டாங் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவனைப் புரிகிறது. இந்தப் பெட்டியை ஏன் இத்தனை பேர் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள்? பார்த்ததிலிருந்து எனக்கும் ஆசையாக இருக்கிறது. வீட்டில் ஏழு வயதிலும் நான்கு வயதிலும் பிள்ளைகள். வாங்கினால் பைத்தியக்காரத்தனமா?" இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இந்த ஆசைக்கு ஏதாவது அர்த்தம் உண்டா என்பது ஒன்று. குடும்பத்தோடு சேர்ந்து அதை அனுபவிக்க முடியுமா என்பது இன்னொன்று. முதலாவதுக்கு என் பதில் ஆமாம். இரண்டாவதில்தான் சிக்கல். எதற்காக எல்லோரும் அந்த வண்டியை விரும்புகிறார்களோ, அந்தக் காரியத்துக்குத்தான் அது இன்று சரிப்பட்டு வராது.

என்னைப் பற்றி ஒரு வரி. மிச்சிகனில் ஒரு கார் கம்பெனியில் பாடி இன்ஜினியரிங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கதவு, பின்கதவு, கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறி, கதவோரத்தில் தண்ணீரும் காற்றும் புகாமல் தடுக்கும் ரப்பர் பீடிங் இவைதான் என் பிழைப்பு. வீட்டில் எழுபதுகளின் வேகன் ஒன்றும் நிற்கிறது. எந்தக் கம்பெனி என்று சொன்னால் உடனே இங்கே கட்சி பிரிந்துவிடும், அதை விட்டுவிடுவோம். இன்ஜின் விஷயத்தில் ஒரு சராசரி மெக்கானிக் அளவுக்குத் தெரியும். விலை நிலவரம் என் துறை இல்லை. ஆகவே எவ்வளவுக்குக் கேட்கலாம் என்பதை வேறு யாராவது சொல்லட்டும்.

முதலில் அந்த மர ஸ்டிக்கர் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்களையும் அவர்கள் பெட்டி படுக்கையையும் ஏற்றிப்போகத்தான் இந்த வகை வண்டிகள் வந்தன. ஃபோர்டு மாடல் டி காரின் சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை வாங்கி, அதன் மேல் உள்ளூர்த் தச்சர்கள் மரத்தில் கூண்டு கட்டினார்கள். 1929இல் ஃபோர்டே தன் மாடல் ஏ வரிசையில் ஸ்டேஷன் வேகனைப் பெரிய அளவில் விற்கத் தொடங்கியது. அதற்கான மரம் வடக்கு மிச்சிகனின் அயர்ன் மவுன்டன் பக்கத்துக் காடுகளிலிருந்து வந்தது, மேப்பிள், பிர்ச் போன்றவை. அங்கே மிஞ்சிய மரக்கழிவைச் சுட்டு விற்றதுதான் இன்று பார்பிக்யூ அடுப்புக்குக் கடையில் வாங்குகிறோமே, அந்த கிங்ஸ்ஃபோர்டு கரி. மர வேகனைப் படகு மாதிரி பராமரிக்க வேண்டும். வார்னிஷ் அடிக்கத் தவறினால் இணைப்புகள் விரிந்து உளுத்துப்போகும். 1946இல் வில்லிஸ் கம்பெனியின் ஜீப் வேகன், 1949இல் பிளிமத் சபர்பன் என்று முழு இரும்பு வேகன்கள் வந்ததும் மரத்தின் காலம் முடிந்தது. பெரிய கம்பெனிகளில் கடைசியாக நிஜ மரம் வைத்தது 1953 பியூக். அப்புறம் வந்ததெல்லாம் வினைல் படலம்தான், 3எம் நிறுவனத்தின் டைநாக். ஃபோர்டின் கன்ட்ரி ஸ்குவயர் 1950இல் நிஜ மரத்தோடு தொடங்கி, சீக்கிரமே போலி மரத்துக்கு மாறி, 1991 வரை அந்த வேஷத்தைக் கலைக்கவே இல்லை. போலி என்று ஊருக்கே தெரிந்த பின்னும் நாற்பது வருடம் காசு கொடுத்து வாங்கினார்கள் என்றால், அந்த மரம் யாரையும் ஏமாற்ற வைத்ததில்லை. அது ஒரு அந்தஸ்து அடையாளம். மலிவான வேகனுக்கு வெறும் பெயின்ட், விலை உயர்ந்ததற்கு மரம். எனக்கு அந்தப் போலி மரம் பிடிக்கும். சொல்லிவைக்கிறேன்.

ஆனால் இந்த வண்டிகளின் உண்மையான சுவாரசியம் பின்பக்கம் இருக்கிறது. என் தொழில் அது என்பதால் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் டெட்ராய்ட் கம்பெனிகள் எல்லாம் ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன: இவ்வளவு பெரிய ஓட்டையை எப்படித் திறப்பது? பழைய வழியில் கண்ணாடி மேலே திறக்கும், பலகை கீழே சாயும். சாய்ந்த பலகைக்கு மேலே குனிந்து எட்டித்தான் உள்ளிருக்கும் சாமானை எடுக்க வேண்டும். முதுகு போய்விடும். 1966இல் ஃபோர்டு ஒரு பின்கதவைக் கொண்டுவந்தது. அதே கதவு கீழேயும் சாயும், பக்கவாட்டிலும் சாதாரணக் கதவு போலத் திறக்கும். கேட்கச் சாதாரணமாக இருக்கும். படுக்கைவாட்டில் ஒரு கீல் அச்சு, செங்குத்தாக இன்னொன்று, இரண்டும் இடது கீழ் மூலையில் சந்திக்க வேண்டும். ஒரு பக்கம் விடுபடும்போது மறுபக்கம் பூட்டியே இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் விடுபட்டால் முழுக் கதவும் காலில் விழும். இத்தனை கனமான இரும்பை அந்த ஒரு மூலை தாங்குகிறது. முதலில் கண்ணாடியை இறக்கினால்தான் கதவு திறக்கும் என்றிருந்தது. 1969இல் கண்ணாடி ஏறியிருக்கும்போதே பக்கவாட்டில் திறக்கும்படி செய்தார்கள். கணினி இல்லாத காலத்தில் காகிதத்தில் வரைந்து செய்த வேலை. இன்றைக்கும் அந்தக் கீலைக் கையில் எடுத்துப் பார்த்தால் போட்டவன் யாரோ ஒரு கெட்டிக்காரன் என்று தோன்றும்.

ஜெனரல் மோட்டார்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. நண்பர் பார்த்திருக்கும் பியூக்கில் இருப்பது அதுதான். 1971 முதல் 1976 வரை செவர்லே, பான்டியாக், ஓல்ட்ஸ்மொபீல், பியூக் பெரிய வேகன்கள் எல்லாவற்றிலும் கண்ணாடி மேலேறிக் கூரைக்குள் ஒளிந்துகொள்ளும், கீழ்ப்பலகை வண்டியின் தரைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். வெளியே எதுவும் நீட்டிக்கொண்டு நிற்காது. பின்னால் சுவர் இருந்தாலும், ஒட்டி இன்னொரு கார் நின்றாலும் திறக்கலாம். சாமானுக்கு நேர் எதிரே நின்று எடுக்கலாம். சாவியைத் திருப்பினால் மோட்டார் முனகிக்கொண்டு கண்ணாடி மேலே போவதைத் தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள், இன்றைக்கும். அதற்குக் கொடுத்த விலை எடை, சிக்கல், தண்ணீர். மூன்று வரிசை இருக்கை போட்டால் வண்டி 5,000 பவுண்டைத் தாண்டும், அதாவது சுமார் 2,300 கிலோ. பலகை போய்ப் படுக்கும் குழியில் சேறு சேரும். 1977இல் எல்லா வண்டிகளையும் சுருக்கியபோது முதல் வேலையாக இந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்த கோமாளித்தனம் 1963இல் வந்த ஸ்டூட்பேக்கர் வேகனேர். மாருதி வண்டியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பிரூக்ஸ் ஸ்டீவன்ஸ் வடிவமைத்த அந்த வண்டியில் பின்கூரை முன்பக்கமாக நழுவித் திறக்கும். ஃப்ரிட்ஜை நிற்க வைத்தே கொண்டுபோகலாம் என்று விளம்பரம் செய்தார்கள். கொண்டுபோகலாம்தான். மழை வந்தால் உள்ளே ஒழுகும். ஒழுகல் புகார்கள் வரவே, நிலையான கூரையோடும் விற்க வேண்டியதாயிற்று. ஓல்ட்ஸ்மொபீல் விஸ்டா குரூசர் 1964இல் வேறு மாதிரி யோசித்தது. கூரையைப் பின்பாதியில் சற்று உயர்த்தி, அந்தப் படியில் கண்ணாடி வைத்தது, பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் வானம் பார்க்கட்டும் என்று.

பிள்ளைகள் என்று சொன்னதும்தான் உங்கள் முதல் கேள்விக்கு விடை வருகிறது. அந்தக் காலத்து மற்ற கார்கள் எல்லாம் ஓட்டுகிறவனுக்காகச் செய்தவை. மஸ்டாங்கில் முன்னால் இரண்டு பேர் நிம்மதியாக உட்காரலாம், பின்னால் உட்காருகிறவன் பாவம். வேகன் பயணிகளுக்காகச் செய்த வண்டி. யோசித்துச் செய்த இடமெல்லாம் பின்னால் இருக்கிறது. கிரைஸ்லர் கம்பெனி 1957இல் மூன்றாம் வரிசையைப் பின்னோக்கித் திருப்பிப் போட்டது. ஃபோர்டில் பின்கட்டில் இரண்டு குட்டி இருக்கைகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும், நடுவே பிள்ளைகள் சீட்டு ஆடலாம். உங்கள் பியூக்கில் மூன்றாம் வரிசை முன்னோக்கியே இருக்கும். 1956இல் மாநிலங்களுக்கு இடையிலான நெடுஞ்சாலைச் சட்டம் வந்து, விரைவுச் சாலைகள் போடப்போட, கோடை விடுமுறையில் காரிலேயே ஊர் சுற்றுவது இங்கே நடுத்தரக் குடும்பத்தின் வழக்கமாயிற்று. அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் இந்தப் பின்கட்டில்தான் வளர்ந்தார்கள்.

அதனால் வேகனை வைத்திருப்பதன் அனுபவமே வேறு. விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் காரை பெட்ரோல் பங்கில் நிறுத்தினால் ஆட்கள் தள்ளி நின்று பார்ப்பார்கள். என்ன விலை, எத்தனை குதிரைசக்தி என்று கேட்பார்கள். வேகனை நிறுத்தினால் யாரும் விலை கேட்பதில்லை. நேராக வந்து தன் கதையைச் சொல்லத் தொடங்குவார்கள். அப்பா ஓஹையோவிலிருந்து ஃபுளோரிடா வரை நிறுத்தாமல் ஓட்டினார், தங்கை வழியெல்லாம் வாந்தி எடுத்தாள், நாய் ஜன்னல் வழியே குதித்தது. அறுபது வயதுக்காரர் பின்கதவைத் தொட்டுப்பார்த்து, உள்ளே ஏறி உட்காரலாமா என்று கேட்பார். சரி என்றால் உட்கார்ந்துவிட்டு இறங்க மனம் வராமல் இருப்பார். வண்டி உங்களுடையது, நினைவு அவருடையது. இது பிடிக்கும் என்றால் வேகன் உங்களுக்கான வண்டி. யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று நினைக்கிறவர் தயவுசெய்து வாங்க வேண்டாம், பெட்ரோல் போட அரைமணி நேரம் ஆகும்.

நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். நம் சிறுவயது இங்கே இல்லையே. ஓரளவு நியாயம். ஆனால் எழுபதுகளில் இங்கே வந்த நம்மவர் வீடுகளிலும் இந்த வண்டிகள் இருந்தன, இரண்டாம் கை, மூன்றாம் கையாக. பிட்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயில் 1976இல் வந்த பிறகு அக்கம்பக்கத்து மாநிலங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகக் காரிலேயே போவார்கள். பின்கட்டில் புளியோதரைத் தூக்கு, ஜமுக்காளம், தூங்கும் பிள்ளைகள். எனக்கு மூத்த தலைமுறைக்காரர்கள் சொல்லிக் கேட்டது இது. டல்லாஸ் நண்பருக்கு வந்திருக்கும் ஆசைக்கு அப்படி எந்த நினைவும் தேவையில்லை என்றும் நினைக்கிறேன். எல்லோரும் ஏறிக்கொள்ளலாம் என்று வெளியிலிருந்து பார்க்கும்போதே சொல்லிவிடும் வடிவம் அது.

இப்போது கிராக்கிக்கு வருவோம். எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துச் சொல்கிறேன். இவை நிறைய விற்றன, கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கின்றன என்பது உறுதி. காரணம் எளிது. கூரையை மடக்கித் திறக்கும் கன்வர்டிபிளை ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பார்கள், குளிர்காலத்தில் போர்வை போட்டு மூடிவைப்பார்கள். வேகனைத் தேய்த்தே தீர்த்தார்கள். முதல் வீட்டில் பிள்ளைகள், இரண்டாவது வீட்டில் நாய், மூன்றாவது ஆளிடம் சிமென்ட் மூட்டை. கடைசியில் ஊர்த் திருவிழாவில் பழைய கார்களை மோதவிட்டு உடைக்கும் போட்டி. பெரிய வேகன்கள் கனமானவை என்பதால் அந்தப் போட்டிக்காரர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். இன்ஜின் நன்றாக இருந்தால் அதை மட்டும் கழற்றி வேறு ஸ்போர்ட்ஸ் காரில் போட்டுவிட்டு உடலைக் காயலான் கடைக்கு அனுப்பினார்கள். எடுத்து வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் அரிதாக இருப்பதாலேயே விலை ஏறிக்கொண்டே போகும் என்று விற்பவர் சொன்னால் அது ஊகம். அந்தப் பின்கட்டில் வளர்ந்தவர்கள் இன்று கையில் காசோடு இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிறகும் இதே ஆசை இருக்குமா என்று எவராலும் சொல்ல முடியாது. முதலீடு என்று நினைத்து வாங்காதீர்கள்.

வேகன் ஏன் ஒழிந்தது என்பதிலும் இதே மாதிரி ஒரு கலப்பு உண்டு. எரிபொருள் சிக்கனச் சட்டம்தான் கொன்றது என்று அடிக்கடி சொல்வார்கள். சட்டம் 1975இல் வந்தது, 1978 மாடல்களிலிருந்து நடைமுறை. கார்களுக்கு ஒரு அளவுகோல், இலகுரக டிரக்குகளுக்குத் தனியான, தளர்வான அளவுகோல். வேகன் கார்க் கணக்கில் வந்தது. 1983 கடைசியில் கிரைஸ்லர் கொண்டுவந்த மினிவேன் டிரக் கணக்கில் வந்தது. பின்னால் வந்த எஸ்யூவிகளும் அப்படியே. இதுவரை உறுதி. ஆனால் சட்டம் மட்டுமே காரணம் என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அப்பா அம்மா ஓட்டிய வண்டியை ஓட்டக் கூடாது என்பது ஒவ்வொரு தலைமுறைக்கும் உள்ள பிடிவாதம். மினிவேனில் வளர்ந்தவர்கள் அதை விட்டு எஸ்யூவிக்கு ஓடியதும் அதனால்தான் என்பது என் எண்ணம். அதற்கு ஆதாரம் கேட்காதீர்கள்.

சரி, இரண்டாவது கேள்வி. இதில் நான் கொஞ்சம் கறாராகவே பேசுவேன். 1974 வண்டியில் முன்னால் இரண்டு ஓரத்திலும் தோளுக்கும் இடுப்புக்கும் சேர்ந்த பெல்ட் உண்டு. அந்த ஒரு வருட மாடல்களில் ஒரு வேடிக்கையும் உண்டு: பெல்ட் போடாவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. மக்கள் கொதித்துப்போய், 1974 முடிவதற்குள் அமெரிக்கக் காங்கிரஸே அந்தக் கட்டாயத்தை நீக்கியது. பலர் அந்த ஒயரை வெட்டிவிட்டார்கள், நீங்கள் பார்க்கும் வண்டியிலும் வெட்டியிருப்பார்கள். பின்னிருக்கைகளில் இடுப்பு பெல்ட் மட்டும்தான். பின் ஓர இருக்கைகளுக்குத் தோள் பெல்ட் கட்டாயமானது 1990 மாடல்கள் வந்த சமயத்தில். ஏழு வயது என்பது, பெல்ட் சரியாகப் பொருந்த உயரம் கூட்டும் பூஸ்டர் இருக்கையில் உட்கார வேண்டிய வயது. பூஸ்டருக்கு இடுப்பு, தோள் இரண்டு பெல்ட்டும் வேண்டும். இடுப்பு பெல்ட் மட்டும் இருக்கும் இடத்தில் அதைப் பயன்படுத்தவே கூடாது. மோதலில் உடல் இடுப்பில் மடங்கி, வயிற்றுக்குள்ளும் முதுகெலும்பிலும் காயம் வரும். நான்கு வயதுப் பிள்ளையின் இருக்கையில் சொந்த வார்ப்பட்டைகள் இருப்பதால், அந்த இருக்கையின் கையேடு அனுமதித்தால் இடுப்பு பெல்ட்டால் கட்டலாம். ஆனால் அதன் மேல்பட்டையை மாட்டக் கொக்கி கிடையாது.

தோள் பெல்ட்டை நாமே வைத்துவிடலாமே என்று அடுத்து கேட்பீர்கள். செய்யலாம், செய்திருக்கிறார்கள். ஆனால் வெறும் தகட்டில் ஓட்டை போட்டு போல்ட் முடுக்குவதல்ல அது. மோதும்போது பெல்ட்டை இழுக்கும் விசை பிள்ளையின் எடையைப் போலப் பல மடங்கு. உள்ளே வலுவூட்டும் தகடு வைத்துப் பற்றவைக்காத தூணில் மாட்டினால் போல்ட் தகட்டோடு பிய்ந்து வரும். உயரமும் முக்கியம். தோளுக்குக் கீழே இருந்து வரும் பெல்ட் முதுகெலும்பை அழுத்தும். இதைச் செய்யத் தெரிந்த பட்டறையில் மட்டுமே கொடுங்கள். மூன்றாம் வரிசையில் பிள்ளைகளை ஓடும் வண்டியில் உட்கார வைக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. பின்கதவுக்கும் அவர்களுக்கும் இடையே நசுங்கிக்கொடுக்க இடமே இல்லை. கண்காட்சியில் நிற்கும்போது ஏறி விளையாடட்டும்.

அதைவிட அவசரமான ஒன்று புகை. ஓடும்போது பெட்டி வடிவ வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறையும். பின்கண்ணாடி சற்று திறந்திருந்தாலும், பீடிங் செத்துப்போயிருந்தாலும் சைலன்சர் புகை அந்த வழியாக உள்ளே இழுக்கப்படும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அந்தக் காலத்துக் கையேடுகளிலேயே இதற்கு எச்சரிக்கை உண்டு. இந்தப் பியூக்கில் பின்கண்ணாடியைத் திறப்பது அவ்வளவு வேடிக்கை என்பதால் பிள்ளைகள் கெஞ்சுவார்கள். வண்டி நகரும்போது கண்ணாடி மூடியே இருக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு கருவி ஒன்றைப் பின்கட்டில் வைத்துவிடுங்கள்.

மற்றபடி ஓட்டுவதில் பயப்பட ஒன்றுமில்லை. முன்னால் டிஸ்க் பிரேக், பவர் ஸ்டியரிங், ஏசி என்று அன்றைய ஆடம்பரங்கள் உண்டு. 455 கன அங்குல வி8, அதாவது சுமார் 7.5 லிட்டர் இன்ஜின், இந்த வண்டிகளுக்கு வழக்கமானது. கேலனுக்குப் பத்து மைல் கொடுத்தால் சந்தோஷப்படுங்கள், லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் சொச்சம். 1971 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் இன்ஜின்கள் ஈயமில்லாத பெட்ரோலைத் தாங்கும்படி மாற்றப்பட்டவை, அந்தக் கவலை வேண்டாம். இன்றைய பெட்ரோலில் உள்ள எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும், அவற்றை முதலிலேயே மாற்றுங்கள். டல்லாஸ் வெயிலில் ஏசி ஓடுகிறதா என்று பாருங்கள். பழைய ஆர்-12 வாயு அமெரிக்காவில் 1995 முடிவோடு உற்பத்தி நின்றது, வேறு வாயுவுக்கு மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். டயரின் பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பக்கவாட்டில் அச்சிட்ட தேதியைப் படியுங்கள், பத்து வயதான டயர் புதிதாகத் தெரிந்தாலும் நம்பக் கூடாது. டெக்சஸில் இத்தனை பழைய வண்டிக்குப் புகைச் சோதனை கிடையாது. கலிஃபோர்னியாவிலும் 1975 மாடல் வரை விலக்கு உண்டு, 1976 என்றால் மாட்டிக்கொள்வீர்கள்.

வாங்கப் போகும்போது எல்லோரும் பானட்டைத் திறக்கச் சொல்வார்கள். நீங்கள் பின்னால் போங்கள். இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக் எல்லாம் அதே கம்பெனியின் மற்ற கார்களிலும் இருந்தவை, பாகம் கிடைக்கும். வேகனுக்கு மட்டுமே உள்ளவைதான் உயிரை வாங்கும்: பின்கண்ணாடி, பக்கவாட்டு நீளக் கண்ணாடிகள், பின்கதவின் பீடிங், கண்ணாடியை ஏற்றும் மோட்டாரும் பல்சட்டமும், மர ஸ்டிக்கரைச் சுற்றியுள்ள சட்டங்கள், பின்கட்டின் உள்பலகைகள். ஒரு கண்ணாடி உடைந்தால் இன்னொரு செத்த வேகனைத் தேடி மூன்று மாநிலம் அலைய வேண்டி வரலாம். பின்கதவுப் பலகை இறங்கும் குழியில் டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் வடியும் துளைகள் அடைத்திருந்தால் அங்கே துரு அரித்திருக்கும். கூரைக்குள் கண்ணாடி போகும் இடத்தில் உள்துணியில் தண்ணீர்க் கறை இருக்கிறதா என்று பாருங்கள். மர ஸ்டிக்கர் துருவை மறைப்பதில் கில்லாடி. அதன் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவுங்கள், கொப்புளம் தட்டுப்பட்டால் உள்ளே தகடு போய்விட்டது. சட்டங்களை மாட்டத் துளையிட்ட இடங்களில்தான் அது ஆரம்பிக்கும். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை ஓரங்களில் ஓட்டுங்கள், ஒட்டாத இடத்தில் பட்டி பார்த்திருக்கிறார்கள். ஸ்டிக்கரைப் புதிதாக ஒட்டிக்கொள்ளலாம், அதைப் பார்த்து விலையைத் தீர்மானிக்காதீர்கள்.

பிள்ளைகளோடு அடிக்கடி ஓட்டுவதுதான் உங்கள் முதல் நோக்கம் என்றால், இந்த 1974ஐ விட்டுவிடுங்கள் என்பேன். 1991 முதல் 1996 வரை வந்த பியூக் ரோட்மாஸ்டர் எஸ்டேட், செவர்லே கப்ரீஸ் வேகன் இரண்டையும் பாருங்கள். நடு வரிசை ஓரங்களில் தோள் பெல்ட், ஓட்டுபவருக்கு ஏர்பேக், பூட்டிக்கொள்ளாத பிரேக் (ஏபிஎஸ்) எல்லாம் உண்டு. 1994 முதல் 260 குதிரைசக்தி எல்டி1 வி8 இன்ஜின். பியூக்கில் கூரைக் கண்ணாடியும் உண்டு, போலி மரமும் உண்டு, வேண்டுமானால் பின்னோக்கிய மூன்றாம் வரிசையும் உண்டு. அதில் பிள்ளைகளை ஏற்றுவது பற்றி மேலே சொன்னது இதற்கும் பொருந்தும். 1994 முதல் இவற்றைச் செய்தது உங்கள் ஊருக்குப் பக்கத்து ஆர்லிங்டன் ஆலைதான். 1996 டிசம்பரில் கடைசி வண்டி வெளியே வந்ததும் அதே ஆலையைப் பெரிய எஸ்யூவிகளுக்கு மாற்றினார்கள். ஆகவே அந்தப் பக்கத்தில் நல்ல வண்டி கிடைக்க வாய்ப்பு உண்டு. வெறுமனே அழகுக்காகவும் பெரியவர்கள் இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை சுற்றுவதற்காகவும் என்றால் 1974தான் அழகு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எதுவானாலும் சனிக்கிழமை போய்ப் பார்க்கும்போது விற்பவரைப் பின்கதவை நான்கைந்து தடவை முழுக்கத் திறந்து மூடச் சொல்லுங்கள். கண்ணாடி வழியில் திக்கினாலோ, கையால் தள்ளிவிட்டாலோ அந்தச் செலவை விலையில் கழியுங்கள். விற்பவர் திறந்து காட்டவே மாட்டேன் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். பிறகு மூடிய கதவின் மேல் தோட்டக் குழாயால் ஐந்து நிமிடம் தண்ணீர் அடித்து, உள்ளே கையை விட்டுப் பாருங்கள். கிளம்புவதற்கு முன் உங்கள் கேரேஜின் ஆழத்தையும் அளந்து வையுங்கள். வண்டி 19 அடிக்கு மேல் நீளம், வழக்கமான 20 அடி கேரேஜில் கதவை மூடினால் சுற்றி நடக்க இடமிருக்காது. பின்கதவுக் குழியைப் படம் எடுத்து இங்கே போட்டால் துரு எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்று என்னால் சொல்ல முடியும்.